கலசம் கண்ணைக் கெடுக்காது, கண்ணாடிச் சுவர் கெடுக்கும்

குடமுழுக்குப் படங்களைப் பார்க்கிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கலசம் இப்படித் தகதகன்னு மின்னுதே, எடுக்கும்போது கண்ணுக்கு ஒண்ணும் ஆகலையா?" கும்பகோணம் வட்டாரத்தில் கோயில் விழாக்களும், விளக்குக் கடை, பாத்திரக் கடை, வண்டி ஷோரூம் விளம்பரங்களும் எடுத்துப் பிழைப்பவன் நான். வெயிலில் மின்னும் பொருள்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தரையில் நின்று கோபுரக் கலசத்தை எடுப்பவருக்குக் கலசத்தின் மினுமினுப்பால் ஆபத்து கிடையாது. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. அவற்றில் பல, பார்வைக்குக் கலசத்தைவிடச் சாதுவாகத் தெரியும்.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. புடைத்த, வழவழப்பான பரப்பில் அது பிரதிபலிக்கும்போது பரப்புக்குச் சற்று உள்ளே ஒரு குட்டிச் சூரியன் தெரியும். பரப்பின் வளைவு ஆரத்தில் பாதிதான் குவியத் தூரம், அதாவது பரப்பிலிருந்து அந்தக் குட்டிச் சூரியன் இருக்கும் தூரம். அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்குதான் குட்டிச் சூரியனின் அகலம். கலசத்தின் வயிற்றுப் பகுதி இரண்டடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 30 சென்டிமீட்டர், குவியம் 15 சென்டிமீட்டர், குட்டிச் சூரியன் 1.4 மில்லிமீட்டர். கடுகு அளவு! அதை 60 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். உண்மையான சூரியனோடு ஒப்பிட்டால் அந்தப் புள்ளி 400-இல் ஒரு பங்கு அகலம். பரப்பளவில் 1,60,000-இல் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு வரும் ஒளியும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். கிரகணம் பார்க்கத் தரும் கறுப்புக் கண்ணாடி சூரிய ஒளியை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அந்த வேலையைக் கலசத்தின் வளைவே செய்துவிடுகிறது.

அப்படியானால் குடமுழுக்கில் எதற்குப் பயப்பட வேண்டும்? கருடனுக்கு.

சிரிக்க வேண்டாம். யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டு, சிவாச்சாரியார்கள் சாரத்தில் ஏறிக் கலசத்தின் அருகே நிற்கும்போது, கூட்டம் முழுக்க அண்ணாந்து கருடனைத் தேடும். "அதோ, அதோ!" என்று யாரோ கை நீட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் போட்டோகிராபர் கேமராவில் கண் வைத்துக் குறிபார்க்கும் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலி லென்ஸை வானத்தில் சுழற்றுவார். சூரியன் எங்கே இருக்கிறது என்று அந்த நொடியில் யாருக்கும் நினைப்பிருக்காது. தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5 அன்று காலை ஒன்பதரை வாக்கில் நடந்தது. தை மாசியில் அந்த நேரத்துச் சூரியன் தென்கிழக்கில் 35 முதல் 40 டிகிரி உயரத்தில் இருக்கும். 150 அடி கோபுரத்தை 200 அடி தள்ளி நின்று பார்த்தால் கலசமும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் தெரியும். அதாவது கோபுரத்துக்கு வடமேற்கே நிற்கிறவருடைய பிரேமுக்குள், அல்லது பிரேமின் விளிம்பில், நிஜச் சூரியனே உட்கார்ந்திருக்கும்.

அதனால் முந்தின நாளே அதே நேரத்துக்குப் போய் நின்று பார்ப்பது என் வழக்கம். சூரியன் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ இருக்கும்படி இடம் பிடிப்பேன். புடைத்த பரப்பின் வசதி என்னவென்றால், எங்கே நின்றாலும் அதில் ஒரு மின்னல் புள்ளி இருக்கும். நாம் நகர்ந்தால் கூடவே கொஞ்சம் நகர்ந்து வரும். மினுமினுப்புக்காகச் சூரியனுக்கு எதிரே போய் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. என்னோடு வரும் உதவியாளர் தம்பிக்கு நான் போட்டிருக்கும் ஒரே சட்டம்: "கருடனைத் தேடணும்னா கேமராவைக் கீழே இறக்கிட்டு வெறுங்கண்ணால தேடு. எங்கேன்னு தெரிஞ்சப்புறம் தூக்கு." வெறுங்கண் சூரியனை நெருங்கினால் தானாகக் கூசி விலகிவிடும். லென்ஸுக்கு அந்த இயல்பு கிடையாது.

லென்ஸ் வழியாக வரும் ஒளிக்கும் ஒரு கணக்கு உண்டு. 200 மி.மீ. குவியத் தூரமும் எஃப்/2.8 திறப்பும் உள்ள லென்ஸின் வாய் சுமார் 71 மில்லிமீட்டர் (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறுக்கும்). நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் விழுகிறது என்றால், அந்த வாய் வழியாக உள்ளே போவது 4 வாட். அது படம் பதியும் சென்சாரில் 2 மில்லிமீட்டர் கூட இல்லாத வட்டத்தில் குவிகிறது. பூதக்கண்ணாடியில் காகிதம் கொளுத்திய யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். செல்போன் கேமராவின் வாய் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். உள்ளே போவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. அதனால்தான் போனில் சூரிய உதயம் எடுக்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அதே போனில் மாட்டும் டெலி லென்ஸ் வந்திருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு சூரியன் பக்கம் திருப்ப வேண்டாம்.

உள்ளே ஆடி வைத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வியூஃபைண்டர் வழியாக வருவது நிஜ ஒளி. கண்ணுக்கு நேராக வரும். ஆடி இல்லாத மிரர்லெஸ்ஸில் நாம் பார்ப்பது ஒரு சின்னத் திரையைத்தான், கண் தப்பிக்கும். ஆனால் சென்சார் எப்போதும் திறந்தே இருப்பதால் அடி அதற்கு விழும். எஃப்/16 வைத்திருக்கிறேன், கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். டி.எஸ்.எல்.ஆரில் குறிபார்க்கும்போது அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, முழுக்கத் திறந்தே இருக்கும். ஷட்டரை அமுக்கும் நேரத்தில் மட்டும்தான் மூடும். மிரர்லெஸ்ஸிலும் எல்லா மாடலும் ஒன்றுபோல இல்லை. அதனால் மினுக்கும் பொருள் எடுக்கப் போகும் வேலைக்கு மிரர்லெஸ்ஸைத்தான் கொண்டுபோகிறேன். எடுத்த உடனே லென்ஸைத் தரைப் பக்கம் சாய்த்துவிடுவேன். ஸ்டாண்டில் நிற்கும் கேமராவுக்கு மூடி போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவது.

இனி தட்டையான பரப்புக்கு வருவோம். என் கணக்கில் மோசமானது இதுதான். தட்டையான கண்ணாடி சூரியனைச் சிறிதாக்காது. அதே அரை டிகிரிச் சூரியனை அப்படியே திருப்பி அனுப்பும். சாதாரண ஜன்னல் கண்ணாடி நேர்முகமாக விழும் ஒளியில் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு சதவீதம் திருப்புகிறது. எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். கிரகணக் கண்ணாடி விடும் அளவோடு வைத்துப் பார்த்தால் அது 8,000 மடங்கு. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் அலுவலகக் கட்டடங்களில் பூச்சுப் பூசிய கண்ணாடி என்பதால் இன்னும் அதிகமாகவே திரும்பும். வெயில் சுவரை ஒட்டினாற்போல் சரிவாக விழும்போது அதற்கும் மேலே ஏறும்.

அங்கே ஒரு நிறுவனத்துக்காகக் கட்டட முகப்பை எடுக்கப் போனபோது, அவர்கள் கேட்டதே அந்தச் சூரியன் கண்ணாடியில் வெடிப்பதுபோன்ற படம்தான். தட்டைக் கண்ணாடியில் பிரதிபலிப்பு ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்வதால், தன் அகலத்தைத் தானே கடக்க அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒரு கண்ணாடிப் பலகையின் அலுமினிய விளிம்பில் சூரியன் முக்கால்வாசி மறைந்து, கால்வாசி மட்டும் எட்டிப்பார்க்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்க வேண்டும். ஒளி கால்வாசியாகக் குறைகிறது, நட்சத்திரக் கதிர்களும் கூர்மையாக விழுகின்றன. முழுச் சூரியனை வைத்து எடுத்தால் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். நான் அதை யாருக்கும் கொடுப்பதில்லை. காத்திருக்கும் வரை ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி நின்றால் போதும், சூரியன் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். குறிபார்ப்பது, ஃபோகஸ் வைத்துப் பூட்டுவது எல்லாம் அந்த ஒளிவிடத்தில். அப்புறம் ஒரு அடி இந்தப் பக்கம், இரண்டு மூன்று கிளிக், மறுபடி ஒளிவிடம்.

குழிவான பரப்பைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. வெளிநாட்டில் பெரிய செய்தியே ஆகியிருக்கிறது. லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் எழுந்த உயரக் கட்டடத்தின் முகப்பு உள்வாங்கி வளைந்தது. 2013-இல் அது வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. லாஸ் வேகாஸில் வ்டாரா ஹோட்டலின் நீச்சல் குளத்தடியிலும் 2010-இல் இதே சிக்கல். இரண்டையும் வடிவமைத்தவர் ஒரே ஆள், ரஃபேல் வின்யோலி என்பது கொசுறுத் தகவல். லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்னி இசை அரங்கின் எஃகுத் தகடுகளை 2005-இல் தேய்த்து மங்கலாக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் இதையே நல்ல வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்: ஆரோவில் சூரியச் சமையல்கூடத்தின் மொட்டை மாடியில் உள்ள 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம், வெயிலைக் குவித்து நீராவி எடுப்பதற்காகவே கட்டியது.

குழிவில் விஷயம் இதுதான்: குவியத்துக்குப் பக்கத்தில் எது இருந்தாலும் வேகும், குவியத்தைத் தாண்டிப் போய்விட்டால் ஒளி விரிந்து பலவீனமாகிவிடும். தெருமுனையில் நின்று கடை வாசலில் கவிழ்க்காமல் வைத்த எவர்சில்வர் பேசினை எடுத்தால் பயமில்லை. கிட்டே குனிந்து, பேசினின் வாய்க்குள் லென்ஸை நுழைத்து, உள்பக்கப் பளபளப்பை எடுக்கப் போனால் கதை வேறு. பேசினின் ஆழத்தைப் பொறுத்து, குவியம் அதன் வாய்க்குள்ளேயோ வாய்க்குச் சற்று மேலேயோ இருக்கும். புறங்கையை முதலில் நீட்டிப் பாருங்கள். சுட்டால் அங்கே கேமராவுக்கு வேலை இல்லை.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடைகளுக்கு எடுக்கும்போது இந்த மூன்று வடிவமும் ஒரே பொருளில் வந்து நிற்கும். காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்த்த விளக்கைக் கடைந்து, மெருகேற்றி வைத்தால் தண்டின் ஒவ்வொரு மணியும் ஒரு புடைப்பு. எண்ணெய் விடும் தட்டு ஒரு குழிவு. அடிப்பாகத்தின் விளிம்பில் தட்டைப் பட்டைகள். வெயிலில் வைத்தால் தண்டு முழுக்கச் சின்னச் சின்னச் சூரியன்கள் வரிசையாக நிற்கும். பார்க்க அழகு. ஆனால் இங்கே தூரம் கோபுரத் தூரம் இல்லை, ஒரு முழத் தூரம். 20 சென்டிமீட்டர் ஆரமுள்ள புடைப்பை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் வருவது சூரிய ஒளியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒரு அடிக்குக் கிட்டே போனால் பதினாறில் ஒரு பங்கு. அதில் பித்தளை கொஞ்சம் விழுங்கும், அவ்வளவுதான். கலசத்துக்குச் சொன்ன தைரியம் இங்கே செல்லாது. புல்லட்டின் குரோம் மூடிக்கும் இதே கணக்குத்தான்: கிட்டப் போகப் போகக் கூடும்.

கடை முதலாளி ஒருவர், "சார், வெயில்ல வச்சாத்தான் பித்தளை பித்தளையாத் தெரியும்" என்று விடாப்பிடியாகச் சொன்னார். அவர் சொன்னது பாதி சரி. நேர் வெயிலில் பித்தளையின் நிறம் புள்ளிகளைச் சுற்றி மட்டும் தெரியும். மற்ற இடமெல்லாம் எதிரே இருக்கும் தெருவும் என் சட்டையும் தெரியும். நான் செய்வது இது: விளக்கைத் திண்ணை ஓரத்தில் வைத்து, வெயில் வரும் பக்கம் துவைத்த எட்டு முழ வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டிவிடுவேன். வேட்டி முழுக்க ஒளிர்ந்து விளக்கில் நீளமான மென்மையான வெளிச்சமாக விழும். அப்புறம் வேட்டியின் ஓரத்தை ஒரு சாண் விலக்கினால் ஒற்றைக் கீற்று வெயில் உள்ளே வந்து, ஒரே ஒரு மணியில் மட்டும் நட்சத்திரம் போடும். எந்த மணியில் என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். மறுபக்கம் கறுப்புச் சார்ட் அட்டை ஒன்றை நிறுத்தினால் தண்டின் ஓரக்கோடு எடுப்பாகத் தெரியும். கடைசியில் முதலாளி தேர்ந்தெடுத்தது வேட்டிப் படத்தைத்தான்.

நட்சத்திரக் கதிர் வேண்டுமென்றால் எஃப்/11 முதல் எஃப்/16 வரை. அப்பர்ச்சர் இலைகள் இரட்டைப்படையாக இருந்தால் அத்தனை கதிர், ஒற்றைப்படையாக இருந்தால் அதுபோல் இரண்டு மடங்கு: எட்டு இலைக்கு எட்டு, ஒன்பது இலைக்குப் பதினெட்டு. எஃப்/22-க்குப் போனால் படம் முழுக்க மழுங்கும், நான் போவதில்லை. லென்ஸில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் மினுக்கும் புள்ளியைச் சுற்றிப் புகை மூட்டம் வரும். முன்னால் மாட்டும் சாதாரணப் பாதுகாப்பு ஃபில்டரையும் கழற்றிவிடுவேன், அது இன்னொரு போலிச் சூரியனைக் காட்டும்.

எக்ஸ்போஷரில், அதாவது எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்பதில், பலரும் தடுமாறுவது புள்ளியின் நடுவைக் காப்பாற்றப் பார்ப்பதால். அது சூரியன், வெள்ளையாகத்தான் போகும், போகட்டும். காப்பாற்ற வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் தங்க நிறத்தை. நீல வானத்தின் முன் கலசத்துக்கு ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 100, திறப்பு எஃப்/11, ஷட்டர் 1/500 நொடி என்று தொடங்கி, திரையில் மின்னி எச்சரிக்கும் பகுதி சின்னப் புள்ளிகளாகச் சுருங்கும் வரை குறைப்பேன். கேமராவின் தானியங்கியை நம்பினால், வானம் பிரகாசமாக இருந்தால் கலசத்தைக் கறுப்பாக்கும், கோபுரம் நிழலில் இருந்தால் கலசத்தை வெளுக்க வைக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலாக எடுத்தால் நிழலைப் பிறகு மீட்கலாம். வெளுத்துப்போன தங்க நிறத்தை மீட்க வழியில்லை.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்கினால் எல்லாக் கூச்சமும் போய்விடும் என்று கடைக்காரர்கள் விற்கிறார்கள். தண்ணீருக்கும் கண்ணாடிக்கும் கார் பெயின்ட்டின் மேல் வார்னிஷுக்கும் அது நன்றாக வேலை செய்யும், அதுவும் பக்கவாட்டுக் கோணத்தில். தண்ணீர் என்றால் செங்குத்திலிருந்து 53 டிகிரி, கண்ணாடி என்றால் 56 சொச்சம். வெறும் உலோகத்தில் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் அதை வாங்கக் காசு செலவழிக்காதீர்கள். அதேபோல ஒளியைக் குறைக்கும் கறுப்பு என்.டி. ஃபில்டர் போட்டுக்கொண்டு டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரில் சூரியனைப் பார்க்கலாம் என்பதும் தப்பு. பத்து ஸ்டாப் ஃபில்டர், அதாவது ஒளியைப் பத்து முறை பாதியாக்குவது, ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் குறைக்கிறது, வேண்டியது ஒரு லட்சம். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை அதில் பல வகைகள் தாராளமாக உள்ளே விடும்.

தெப்பக்குளமும் இப்படித்தான் ஏமாற்றும். அசையாத தண்ணீர் என்பது தட்டைக் கண்ணாடி. உச்சி வெயிலில் இரண்டு சதவீதம்தான் திருப்பும்; சூரியன் அடிவானத்துக்குப் பத்து டிகிரி மேலே இருக்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வளையச் சூரிய கிரகணம் போனதே, அன்று எங்கள் தெருவில் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குழந்தைகளைக் குனியவைத்துக் கிரகணம் காட்டினார்கள். மஞ்சள் கரைத்தாலும் சாணி கரைத்தாலும் மேற்பரப்பு திருப்புவது அதே இரண்டு மூன்று சதவீதம்தான். பாதுகாப்பான அளவைவிட இரண்டாயிரம் மூவாயிரம் மடங்கு. அதைவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியில் காகிதம் ஒட்டி, ஒற்றை ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஓட்டை போட்டு, வெயிலை இருட்டறைச் சுவருக்குத் திருப்பினால், 20 மீட்டர் தூரத்தில் ஒரு சாண் அகலச் சூரியன் சுவரில் விழும். கிரகணத்தில் கடித்த ஆப்பம்போல அதுவும் குறையும். சுவரைத்தான் படம் எடுக்கிறோம் என்பதால் கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒன்றுமில்லை. கண்ணாடியை மட்டும் குழந்தைகள் எட்டிப் பார்க்காத இடத்தில் வைக்க வேண்டும்.

கண்ணைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெயில் பட்டுச் சுட்டாலும் அந்த நேரத்தில் கூச்சம் மட்டும் இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி, வளைந்து தெரியும் கோடு என்று வரும். நாங்கள் ஒரே கண்ணால் குறிபார்க்கிறவர்கள். மற்றக் கண் நன்றாக இருப்பதால் பழுது தெரியாமலே போகும். அதனால் நாள் முழுக்க வெயிலில் மினுக்கும் வேலை செய்த இரவில், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்ப்பேன். தேதி எண்ணின் நடுப்பகுதி காணாமல் போனாலோ, கட்டத்தின் கோடு நெளிந்தாலோ, காலையில் முதல் வேலையாகக் கண் மருத்துவரிடம் போய் வெயிலில் எடுத்த விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். குளிர்ச்சிக்கு என்று விளக்கெண்ணெயோ பன்னீரோ விட்டுக்கொண்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். பழுது இருப்பது உள்ளே, விழித்திரையில். மேலே விடுவது எதுவும் அங்கே போய்ச் சேராது.